கிட்னிக்காக ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள்: எது மலிவு, எது மலிவில்லை

மருத்துவப் பயண நிறுவனங்களின் விளம்பரத் தாளில் தவறாமல் ஓர் அட்டவணை இருக்கும். சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் இவ்வளவு, இந்தியாவில் இவ்வளவு என்று இரண்டு தொகைகள். பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அமெரிக்கர்கள் யாரும் இதற்காக இங்கே வந்து குவிவதில்லை. வருகிறவர்கள் யார் என்று தெரிய வேண்டுமானால் வேலூருக்குப் போகிறவர்கள் இறங்கும் காட்பாடி சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸிலும், திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸிலும் வந்து இறங்கும் ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் குடும்பங்கள். எல்லை தாண்டி கொல்கத்தா வழியாக வந்த வங்கதேசத்தவர். கையில் ஸ்கேன் படங்கள் திணித்த பெரிய கவர், தோளில் அரிசி மூட்டை, நடுவில் முகமும் காலும் வீங்கிய ஒருவர். இவர்களுக்கு அமெரிக்க விலை எதற்கு? தன் ஊரில் ஆகும் செலவோடும், விற்க இருக்கும் நிலத்தோடும்தான் இவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

வேலூருக்கு இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1965இல் பம்பாயில் சிறுநீரக மாற்று முயற்சி நடந்தது, நோயாளி பிழைக்கவில்லை. இந்தியாவில் இந்த அறுவைச் சிகிச்சை முதன்முதலில் வெற்றி பெற்றது 1971இல், வேலூரில். பிறகு இங்கே பயிற்சி பெற்ற நெஃப்ராலஜிஸ்டுகள், அதாவது சிறுநீரக மருத்துவர்கள், நாடு முழுக்கப் போய் அமர்ந்தார்கள். "வேலூர் போய் ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க" என்று கிழக்கிந்தியச் சிற்றூர் டாக்டர்கள் சொல்வது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம்.

மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களே அதற்கேற்ப மாறிவிட்டன. லாட்ஜ் பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே வங்க எழுத்து. ஆட்டோக்காரர் "தாதா, கொதாய் ஜாபேன்?" (அண்ணா, எங்கே போகணும்?) என்று வங்க மொழியில் கேட்கிறார். அறை வாடகையோடு சமையல் அடுப்பும் பாத்திரமும் தனியாக வாடகைக்குக் கிடைக்கும். கடுகெண்ணெய் விற்கும் கடை, ஆற்று மீன் வெட்டித் தரும் கடை, ரிப்போர்ட்டை லேமினேட் செய்து தரும் கடை எல்லாம் ஒரே வரிசையில். ஹோட்டல் சாப்பாட்டின் உப்பு சிறுநீரக நோயாளிக்கு ஆகாது என்பதால், சமைத்துச் சாப்பிட வசதியுள்ள அறை இவர்களுக்கு ஆடம்பரமில்லை; சிகிச்சையில் ஒரு பகுதி. அதே தெருமுனையில் இளநீர் வண்டியும் நிற்கும். வெயிலில் வாடி வந்தவருக்கு உறவினர்கள் பாசத்தோடு இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடியது. நல்லது என்று நாம் நம்பும் பலவும் இந்த நோயில் தலைகீழ்.

இப்படி வருகிறவர்களுக்கு மலிவான சிகிச்சை கிடைக்கிறதா? எதற்காக வந்தார் என்பதைப் பொறுத்தது. கிட்னி நோயில் சில காரியங்களுக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரலாம். சிலவற்றுக்கு வருவது வீண். சிலவற்றுக்கு வருவது ஆபத்து. பேக்கேஜ் விலையைப் போடும் எந்தத் தாளும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

கிரியாட்டினின் இரண்டரை இருக்கும்போது

வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு டயாலிசிஸ், அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக வேறு வழியில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது, தேவைப்படும் நிலை இன்னும் வந்திருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; சிறுநீரகம் கெடக் கெட ஏறும்) 2, 2.5 என்று இருக்கும். உள்ளூரில் யாரோ "கிட்னி போச்சு" என்று சொல்லியிருப்பார். பயத்தில் ரயில் ஏறிவிடுவார்கள்.

பெரும்பாலானோருக்கு, நோய் சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ வந்தது என்று தெளிவாக இருந்தால், வேலூர் டாக்டர் எழுதித் தரப்போகும் மருந்துகள் அவர்களுடைய மாவட்டத் தலைநகரிலேயே கிடைப்பவைதான். அழுத்தத்தைக் குறைத்து, சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் தடுக்கும் டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை மாத்திரைகள் பல ஆண்டுகளாக மலிவு. சர்க்கரை மாத்திரையாக அறிமுகமாகி, சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைப்பதாக 2020 முதல் வந்த பெரிய ஆய்வுகளில் நிரூபணமான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் முன்பு விலை அதிகம். இந்தியாவில் முதலாவதன் காப்புரிமை 2020 அக்டோபரிலும், இரண்டாவதன் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. உடனே பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி விலை சரிந்தது. கிட்னி நோய்க்கு இன்று உள்ளதிலேயே மலிவான சிகிச்சை, டயாலிசிஸைப் பல ஆண்டு தள்ளிப்போடக்கூடிய இந்த இரண்டு மூன்று மாத்திரைகள்தான். அதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை. இதை எந்த மருத்துவப் பயண நிறுவனமும் விளம்பரம் செய்யாது. கமிஷன் எங்கிருந்து வரும்?

இந்தக் கட்டத்தில் பயணம் நிஜமாகவே பயன் தருவது இளம் வயதினருக்கு. சர்க்கரை கிடையாது, வயது முப்பதுக்குள், சிறுநீர் நுரைத்துப் போகிறது, ரத்தம் கலந்து வருகிறது என்றால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு, எடுத்துப் பார்க்க வேண்டும். ஐஜிஏ நெஃப்ரோபதி போன்ற நோய்களை மைக்ரோஸ்கோப்பில் சாதாரணச் சாயம் ஏற்றிப் பார்த்தால் மட்டும் போதாது; ஒளிரும் சாயப் பரிசோதனையும், சிலசமயம் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும் வேண்டும். எல்லா ஊரிலும் இவை இல்லை. ஊசியால் எடுக்கும் அந்தச் சதைத்துணுக்கு ஒரு தீக்குச்சியின் தடிமன்கூட இருக்காது. அதில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து, வாழ்நாள் சிகிச்சையே மாறும். இதிலும் ஒரு சங்கதி உண்டு. நோயாளியே வர வேண்டிய அவசியமில்லை. உள்ளூரில் பயாப்ஸி எடுக்கத் தெரிந்த டாக்டர் இருந்தால், துணுக்கை உரிய திரவத்தில் போட்டு பெரிய லேபுக்கு கூரியரில் அனுப்பலாம். பல ஊர் நெஃப்ராலஜிஸ்டுகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

டயாலிசிஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸின் கணக்கு அவ்வளவுதான். மாதம் 13 அமர்வுகள். தமிழ்நாட்டுத் தனியார் மையங்களில் ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். சராசரியாக 2,000 என்றாலும் மாதம் 26,000. ரத்தம் ஊற எரித்ரோபொயட்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி, மாதாந்திரப் பரிசோதனை எல்லாம் தனி. ஆயுள் முழுக்க இதே கணக்கு. ஆகவே டயாலிசிஸுக்காக ஊர் மாறி வந்து தங்குவது, எவ்வளவு சல்லிசான இடமாக இருந்தாலும், நடுத்தரக் குடும்பத்தைச் சில மாதங்களில் கரைத்துவிடும்.

உள்ளூரில் வழி இல்லையா என்று முதலில் தேட வேண்டும். 2016இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். ஆனால் அது இந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கு மட்டும். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளை போன்றவை சலுகைக் கட்டணத்திலும் இலவசமாகவும் செய்கின்றன. அங்கும் இடம் காலியாவது ஒருவர் போனால்தான். வெளிமாநிலத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறவர் அந்த வரிசையில் நிற்க நினைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருக்கும் இந்தியர் வேறு மாநில மருத்துவமனையிலும் அதைப் பயன்படுத்தலாம். தான் போகும் மருத்துவமனை, தனக்கு வேண்டிய சிகிச்சைக்கு அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதை ரயில் ஏறும் முன்பே போனில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்று அறுவைக்கு வருகிறவரும் அது நடக்கும்வரை டயாலிசிஸில்தான் இருந்தாக வேண்டும். இங்கேதான் ஆபத்து. ஒன்றரை நாள் ரயில் பயணம், அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் என்றால் ஓரிரு அமர்வுகள் தவறும். நுரையீரலில் நீர் கோத்து, ஸ்ட்ரெச்சரில் இறக்கப்படும் நிலை அப்படித்தான் வருகிறது. கிளம்பும் நாளன்றே ஓர் அமர்வு முடித்துவிட்டு ஏற வேண்டும். இறங்கும் ஊரில் எந்த மையத்தில், எந்த நாளில் அடுத்தது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அந்த மையம் முதலில் கேட்பது பணத்தையல்ல, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ரிப்போர்ட்டை. ரிப்போர்ட் புதிதாக இல்லாவிட்டால் மெஷினில் போடமாட்டார்கள். உலர் எடை (தேங்கிய நீரை இறக்கிய பின் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் எவ்வளவு, ஊசி குத்துவது ஃபிஸ்டுலாவிலா, இல்லை கழுத்தில் குழாயா என்பதையெல்லாம் பழைய மையத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி வருகிறவர்கள் மிகக் குறைவு. அந்த ஒரு தாள் இல்லாததால் புதிய இடத்து டெக்னீஷியன் குத்துமதிப்பாக நீரை இறக்குவார். நோயாளிக்கு பிரஷர் சரிந்து தசைப்பிடிப்பு வரும்.

ஃபிஸ்டுலா பற்றி ஒரு வார்த்தை. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைக்கும் இந்தச் சின்ன அறுவை, ஊசி குத்தும் பக்குவத்துக்கு வர ஆறு வாரமாவது ஆகும். பலர் கழுத்துக் குழாயோடே ஊர் ஊராகப் போகிறார்கள். குழாய் வழியே கிருமி ஏறினால் ஐசியு பில் மட்டுமே ஒரு மாற்று அறுவைச் செலவில் பாதியைத் தின்றுவிடும். ஊரிலேயே, நேரத்தோடு ஃபிஸ்டுலா போட்டுக்கொண்டவர் எங்கே போனாலும் அவர் செலவு குறைவு.

வயிற்று வழி டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதை நம்மூரில் அதிகம் பேசுவதில்லை. வயிற்றில் மென்குழாய் பொருத்தி, இரண்டு லிட்டர் திரவப் பையை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வீட்டிலேயே ஏற்றி இறக்குவது. டயாலிசிஸ் மையமே இல்லாத ஊர்க்காரருக்கு இது பெரிய வரம். குழாய் பொருத்தவும் கற்றுக்கொள்ளவும் ஒருமுறை பெரிய ஊருக்கு வந்தால் போதும். பைகள் மாதாமாதம் வீடு வந்து சேருமா, சுத்தமான ஓர் அறை வீட்டில் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். தூரத்திலிருந்து வருகிறவருக்கு டாக்டர் இதைச் சொல்லாவிட்டால், அவரே கேட்க வேண்டும்.

டோனர் யார்?

மாற்று அறுவைக்கு வரும்போது எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் முதலில் கேட்பது "டோனர் யார்?", அதாவது சிறுநீரகம் கொடுக்கப்போவது யார் என்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் கேள்விக்கு அர்த்தமே இல்லை.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு. 1980களில் இந்தியா கிட்னிச் சந்தையாக இருந்தது. வளைகுடாவிலிருந்து பணத்தோடு வந்து, இங்குள்ள ஏழையிடம் வாங்கிப் பொருத்திக்கொண்டு போனார்கள். அப்படி ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும் ஓமானிலிருந்தும் பம்பாய் வந்து வாங்கிப் பொருத்திக்கொண்ட சுமார் 130 பேரைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் 1990இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதலாண்டிலேயே இறந்திருந்தார். சிலருக்கு எச்ஐவி தொற்றியிருந்தது. வாங்கியவருக்கும் அது மலிவாக முடியவில்லை. விற்றவரின் கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். வில்லிவாக்கத்தை 'கிட்னிவாக்கம்' என்றே சொன்ன காலம் அது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றதாகச் சொன்னார்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2011இல் திருத்தம், 2014இல் விரிவான விதிகள். விற்பனையில் ஈடுபட்டால் ஐந்திலிருந்து பத்தாண்டு வரை சிறை, 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். சட்டம் வந்ததும் சந்தை ஒழிந்துவிடவில்லை. சுனாமிக்குப் பிறகு சென்னை எர்ணாவூரிலும், 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடமும் தரகர்கள் அதே கடன் கணக்கை வைத்துத்தான் பேரம் பேசினார்கள். பள்ளிபாளைய விவகாரத்தில் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை அரசு நிறுத்திவைத்தது. இலங்கைக்கும் இதில் பங்குண்டு. இந்தியர்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் அறுவை செய்வித்த கும்பல் தெலங்கானாவில் பிடிபட்டதும், 2016 ஜனவரியில் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்று அறுவைகளை இலங்கை அரசு நிறுத்தியது.

ஆக, இன்று சட்டம் சொல்வது இது. தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி: இவர்கள்தான் 'நெருங்கிய உறவினர்'. அக்கா மகன், சித்தப்பா மகன், மைத்துனர் எல்லாம் நம் வீட்டுக் கணக்கில் சொந்தம். சட்டத்தின் கணக்கில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல், சித்தப்பா மகனையே டோனராகக் கூட்டிக்கொண்டு ஆயிரம் மைல் தாண்டி வந்து திகைத்து நிற்பவர்கள் உண்டு. உறவு வளையத்துக்கு வெளியே உள்ளவர் பாசத்தால் கொடுக்கிறார் என்றால் அனுமதிக் கமிட்டி தனியாக விசாரிக்கும்.

வெளிநாட்டவர் என்றால் நெருங்கிய உறவினராக இருந்தாலும் கமிட்டியின் முன்அனுமதி கட்டாயம். உறவைத் தூதரகம் சான்றளிக்க வேண்டும். சிறுநீரகம் பெறுபவர் வெளிநாட்டவர், கொடுப்பவர் இந்தியர் என்றால், இருவரும் நெருங்கிய உறவினராக இருந்தாலொழிய கமிட்டி அனுமதிக்கவே கூடாது. "இங்கே வந்துடுங்க, டோனரை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஏஜென்ட் ஒருவர் சொன்னால் அவர் குற்றத்துக்குக் கூப்பிடுகிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டினால் ஏஜென்ட் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார். வேற்று நாட்டில், அறுவை முடிந்த வயிற்றோடு விசாரணையில் நிற்பவர் நோயாளி.

கமிட்டியின் நேர்காணல் வீடியோவில் பதிவாகும். திருமணப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஒரே முகவரியில் வாழ்ந்ததற்கான ஆதாரம் என்று காகிதங்கள் மேசைமீது பரப்பப்படும். கணவனுக்குக் கொடுக்க வந்த மனைவியிடம் தனியாகக் கேட்பார்கள்: யாராவது வற்புறுத்தினார்களா, ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வது பற்றி டாக்டர் என்ன சொன்னார், மனம் மாறினால் இப்போதுகூட மறுக்கலாம் என்று தெரியுமா? மொழி தெரியாத பெண்ணுக்கு இந்தக் கேள்விகளை மொழிபெயர்ப்பது யார் என்பது முக்கியம். கணவரின் தம்பியே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தால் அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு? நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதாவது தாய்களும் மனைவிகளும். கமிட்டியின் தாமதத்தை எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணிடம் "உனக்குச் சம்மதமா?" என்று வீட்டுக்கு வெளியே ஒருவர் கேட்கும் ஒரே இடம் பலசமயம் அதுதான் என்பதால், அந்தத் தாமதம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

டோனருக்கு ரத்த வகை சேராவிட்டால் இரண்டு வழிகள். இதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு டோனர்களை மாற்றிக்கொள்ளலாம். 2011 திருத்தம் இதை அனுமதிக்கிறது, கூடுதல் செலவும் அதிகமில்லை. அல்லது ரத்த வகை சேராமலே செய்யலாம். அதற்கு ரிட்டுக்ஸிமாப், பிளாஸ்மா மாற்றம் என்று சில லட்சங்கள் கூடும். இரண்டாவதை முதலில் சொல்லும் மருத்துவமனையிடம், முதலாவதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்கலாம்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்பை நம்பி வெளிநாட்டவர் வருவது வீண். 2008இல் திருக்கழுக்குன்றம் மாணவன் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானத் திட்டம் வேர்பிடித்தது. மாநிலத்துக்காரர், பிறகு பிற மாநிலத்தவர், இந்தியர் எவருக்குமே பொருந்தாவிட்டால்தான் வெளிநாட்டவர் என்பது வரிசை. சிறுநீரகத்துக்கு இங்கே காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அந்த முறை வரவே வராது.

பேக்கேஜில் இல்லாதவை

தனியார் மருத்துவமனைகளில் மாற்று அறுவை பேக்கேஜ் பல லட்சங்களில் இருக்கும். லாப நோக்கமில்லாத இடங்களில் கணிசமாகக் குறையும். எங்கும் அந்தத் தொகை டோனருக்கும் நோயாளிக்குமான அறுவை, சில நாள் படுக்கை, வழக்கமான மருந்து ஆகியவற்றுக்கு மட்டும். அதற்கு முந்திய பரிசோதனைகள் தனி. இரண்டு மூன்று உறவினர்களைச் சோதித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாருக்கும் பணம் கட்ட வேண்டும். அனுமதி வரும்வரை டயாலிசிஸ் தனி. உடல் புதிய உறுப்பை எதிர்க்காமல் இருக்க ஆரம்பத்தில் போடும் ஏடிஜி போன்ற ஊசி சிலருக்குத் தேவைப்படும், அது தனி. நிராகரிப்பு வந்தால் பயாப்ஸி, மீண்டும் அட்மிஷன், அதுவும் தனி. "எது சேர்ந்தது?" என்று கேட்பதைவிட "எது சேராதது?" என்று எழுதித் தரச் சொல்வது நல்லது.

தங்கும் செலவை எல்லாரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். டோனர் சில நாளில் வெளியே வந்துவிடுவார். நோயாளி முதல் மூன்று மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நிராகரிப்பும் தொற்றும் அதிகம் வரும் காலம் அது. அறுவையின்போது சிறுநீர்க் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற மென்குழாயையும் இடையில் எடுக்க வேண்டும். அனுமதிக்குக் காத்திருந்த நாட்களைச் சேர்த்தால் நான்கைந்து மாதம். அறைக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து மாதத்துக்கு 90,000. மூன்று பேர் சாப்பாடு, ஊரில் நின்றுபோன வருமானம் வேறு.

இந்தக் கணக்கை மாற்றிக் காட்டியவர் ஒருவர் வங்கதேசத்தில் இருக்கிறார். டாக்கா ஷியாமலியில் அறுவை மருத்துவர் கம்ருல் இஸ்லாம், தனக்கென்று கட்டணம் வாங்காமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரக மாற்று அறுவைகளைச் செய்திருக்கிறார். இந்தியா வந்து செய்துகொள்வதைவிட அங்கே மொத்தச் செலவு மிகக் குறைவு. 2022இல் அவருக்கு அந்நாட்டின் சுதந்திர விருது கொடுத்தார்கள். கராச்சியில் அதீப் ரிஸ்வி எட்டுப் படுக்கைகளோடு தொடங்கிய எஸ்ஐயுடி நிறுவனம் டயாலிசிஸையும் மாற்று அறுவையையும் எல்லாருக்கும் இலவசமாகவே செய்கிறது. ஆயுள் முழுக்க மருந்தும் அங்கேயே. நல்ல சிகிச்சை என்றால் எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு இடங்களும் பதில். இருந்தும் மக்கள் வருகிறார்கள். சிக்கலான கேஸ், ஏற்கெனவே ஒருமுறை மாற்றித் தோற்றவர், உடலில் எதிர்ப்பணுக்கள் நிறைந்தவர், குழந்தைகள் என்றால் அனுபவமுள்ள பெரிய மையத்தைத் தேடி வருவதில் நியாயம் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு

பொருத்திய சிறுநீரகம் எத்தனை ஆண்டு ஓடும் என்பது அறுவை செய்த கையைவிட, திரும்பிப்போன ஊரைப் பொறுத்தது. உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசலோன் மூன்றும் ஆயுள் முழுக்க. இந்தியத் தயாரிப்புகளாக வாங்கினாலும் முதலாண்டில் மாதம் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு ஆகும்; எடைக்கேற்பக் கூடும், குறையும். பணத் தட்டுப்பாட்டில் "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதி மாத்திரையாகக் குறைப்பவர்கள் திரும்பி வருவது டயாலிசிஸுக்குத்தான். செலவைக் குறைக்க இந்திய மருத்துவர்கள் ஓர் உபாயம் செய்வதுண்டு: டில்டியாஸெம் என்ற மலிவான பிரஷர் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், அதனால் அதன் அளவைக் குறைக்கலாம். டாக்டர் பார்த்துச் செய்யும்போது இது கெட்டிக்காரத்தனம். ஊர்ப் பக்கம் யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் அந்த மாத்திரையை நிறுத்தினால், மருந்தின் அளவு சரிந்து சிறுநீரகம் போய்விடும்.

காசநோய் இன்னும் பெரிய கண்ணி. நோய் எதிர்ப்பைக் குறைத்து வைத்த உடலில் டிபி எளிதில் தலைதூக்கும். நம் நாடுகளில் அது எங்கும் இருக்கிறது. வழக்கமான டிபி மருந்தான ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸை ரத்தத்திலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். டிபி மருந்து கொடுக்கும் ஊர் டாக்டருக்கு இவர் மாற்று அறுவை செய்தவர் என்று தெரியாவிட்டால், டிபி குணமாகிவிடும், கிட்னி போய்விடும். அட்டை ஒன்றில் அறுவை விவரமும் மருந்துகளின் பெயரும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய் இருப்பவருக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. 2015 முதல் இந்தியாவில் சோஃபோஸ்புவிர் வகை மருந்துகள் மலிவாகக் கிடைக்கின்றன. மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. முன்பு மாற்று அறுவைக்கே தடையாக இருந்த நோய் இது. இதற்காக மட்டுமே இந்தியா வந்து மருந்து வாங்கிப்போன வெளிநாட்டவர்கள் உண்டு.

கடைசியாக, திரும்பி வர முடியுமா என்ற கேள்வி. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு வங்கதேசத்தவருக்கு இந்தியா விசா கொடுப்பதைப் பெருமளவு குறைத்தது. மருத்துவ விசாவும் முன்போல் கிடைக்கவில்லை. மறு ஆண்டே சீனாவின் குன்மிங்குக்கு வங்கதேச நோயாளிகள் போகத் தொடங்கினார்கள். புதிதாகச் சிகிச்சை தேடுகிறவர் வேறு நாட்டுக்குப் போய்விடலாம். இங்கே ஏற்கெனவே மாற்று அறுவை செய்துகொண்டு, ஆறு மாதத்துக்கொருமுறை ரிவ்யூவுக்கு வர வேண்டியவர் என்ன செய்வார்? அரசியல் எப்போது எந்தக் கதவைச் சாத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். தன் ஊருக்கு எட்டும் தூரத்தில் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் லேப் இருக்கிறதா? இதே பிராண்ட் மருந்து அங்கே தடையில்லாமல் கிடைக்குமா? காய்ச்சல் வந்தால் ராத்திரியில் போன் எடுக்க ஒரு நெஃப்ராலஜிஸ்ட் அங்கே சம்மதித்திருக்கிறாரா? மூன்றாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால், வேலூரிலோ சென்னையிலோ உள்ள டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை யாருக்கு எழுதுவது என்று அவரிடமே கேட்பது நல்லது. பெரும்பாலும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்தில் எங்கேயாவது இருப்பார்.